அண்ணன் திருப்பிக் கொடுத்த ஆயில் கேன்கள்

எங்கள் அண்ணன் மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரில் அவரைப் பற்றி நான் எழுத வேண்டும் என்று மதினி கேட்டுக்கொண்டார்கள். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். ஹூப்ளி, சூரத் என்று ஒர்க்‌ஷாப் ஒர்க்‌ஷாப்பாக அலைந்தவன். எனக்குத் தெரிந்தபடிதான் எழுத முடியும்.

அண்ணன் பிறந்தது கொச்சி மட்டாஞ்சேரியில், கொச்சங்காடியில். எங்கள் அத்தா பாலக்காட்டிலிருந்து வந்து மிளகுக் கிடங்கில் வேலை பார்த்தவர். அத்தா மௌத்தாகி எங்களை விட்டுப் போனபோது அண்ணனுக்கு மீசைகூட அரும்பவில்லை. மறுவாரமே ஒரு சரக்கு வேனில் கிளீனராக ஏறினார். நான் வீட்டை விட்டு ஓடினேன், அவர் ஓடவில்லை. அம்மாவைக் கடைசிவரை வைத்துப் பார்த்தார். தங்கையின் நிக்காஹை முடித்த பிறகே தன் நிக்காஹுக்குச் சம்மதித்தார். பின்னாளில் ஒரு பழைய டீசல் காரை வாங்கி டாக்ஸி ஓட்டினார். பிரசவ வலி என்று யார் கதவைத் தட்டினாலும் சாவியோடு கிளம்பிவிடுவார். சட்டைப் பொத்தானை வண்டியில் உட்கார்ந்துதான் போடுவார்.

கடைசிச் சில வருடங்களாக அந்த வண்டி ஆயில் குடித்தது. ஆலுவா ஸ்டேஷன் வரை போய் வந்தால் அளவு இறங்கியிருக்கும். பின்னால் நீலப் புகை. என்ஜினைப் பிரித்துத் தேய்ந்த பிஸ்டன் ரிங்கை மாற்றினால் சரியாகும், ஆனால் அதுவரை வண்டி நிற்க வேண்டும். வண்டி நின்றால் வீட்டில் அடுப்பும் நிற்கும். எந்த ஆயிலை ஊற்றினால் இன்னும் கொஞ்ச காலம் ஓட்டலாம் என்பதுதான் அப்போது எங்கள் குடும்பத்தின் பெரிய கவலை. அண்ணன் எனக்குப் போன் செய்து கேட்பார்.

“எடா, இப்போ வர்ற மெல்லிசு ஆயில் நல்லதுங்கறாங்களே?”

“அது புது வண்டிக்குண்ணே. தேஞ்ச ரிங் வழியா ஏறி எரிஞ்சுடும். கேன்ல இருபது-ஐம்பதுன்னு போட்டிருக்கற கட்டி ஆயில் ஊத்துங்க. குளிர் ஊருலதான் அது காலைல மக்கர் பண்ணும். மட்டாஞ்சேரில என்ன குளிரு?”

“ஆயில் வாங்கக் காசு கேட்டா உன் மதினி மூஞ்சில வருமே, அந்தக் குளிரைச் சொல்றியா?”

“புகையை அடக்கற மருந்தும் ஊத்தாதீங்க. அது வண்டியை விக்கறவன் ஊத்தறது. ஓட்டறவனுக்கு ஆகாது.”

நான் சொன்ன கட்டி ஆயிலைத்தான் அண்ணன் வாங்கினார். வாங்கியது தோப்பும்படியில் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருந்த நண்பரிடம். அவர் பெயரை எழுத வேண்டாம் என்று மதினி சொல்லிவிட்டார்கள். இருவரும் ஒரே வேனில் கிளீனராக இருந்து வண்டி ஓட்டக் கற்றவர்கள்.

ஒரு பெருநாளைக்கு ஊர் வந்தபோது, அண்ணன் காலி ஆயில் கேன்களைத் துடைத்துப் பையில் அடுக்கிக்கொண்டிருந்தார். “கடைக்காரன் பெண்டாட்டி செடி வைக்கக் கேட்டாளாம்” என்றார். நான் வேலை பார்த்த இடங்களில் காலி கேனில் ஆணியால் ஓட்டை போட்டுத்தான் எறிவோம். இல்லாவிட்டால் கழிவு ஆயிலை வடிகட்டி அதே கேனில் நிரப்பி, மூடியை ஒட்டிப் புதிதென்று விற்றுவிடுவார்கள். அண்ணன் அலமாரியிலிருந்த புதுக் கேனைத் திறந்து பார்த்தேன். தேன் நிறத்தில் இருக்க வேண்டியது சாயா நிறத்தில் இருந்தது. விரலில் தொட்டால் வழுவழுப்பே இல்லை, தீய்ந்த வாடை வேறு. அதை ஊற்ற ஊற்ற என்ஜின் தேய்ந்தது. தேயத் தேய ஆயில் எரிந்தது. எரிய எரிய அந்தக் கடையில் வியாபாரம் நடந்தது.

கேனோடு அண்ணனையும் அழைத்துக்கொண்டு கடைக்குப் போனேன்.

“இதுல ஒரு சொட்டு உங்க வண்டில ஊத்துவீங்களா இக்கா?” என்று கடைக்காரரைக் கேட்டேன்.

அவர் என்னைப் பார்க்கவே இல்லை. அண்ணனைப் பார்த்துச் சிரித்தார். “உன் தம்பி பெரிய இஞ்சினியர் ஆயிட்டான் போலயே. எடா, நான் உன்னை ஏமாத்தினேன்னு நீ சொல்லு. உன் வாயால கேக்கறேன்.”

கடையில் நாலைந்து டிரைவர்கள் நின்றிருந்தார்கள். அண்ணன் கேனைப் பார்த்தார், நண்பரைப் பார்த்தார்.

“தெரியாம பேசிட்டான்” என்றார். பிறகு என்னிடம், “மன்னிப்புக் கேளுடா.”

நான் கேட்கவில்லை. வீட்டுக்குப் போய்ப் பையை எடுத்துக்கொண்டு ஆலுவாவில் ரயிலேறினேன். அதன்பிறகு அண்ணன் போன் செய்தால் எடுப்பேன், நலம் விசாரிப்பேன். ஆயிலைப் பற்றி அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

சில மாதங்களில் தோப்பும்படிப் பாலத்தின்மேல் என்ஜின் இறுகி நின்றது. வண்டி பழைய இரும்புக்குப் போயிற்று. அண்ணன் ஒரு கிடங்கில் காவல் வேலைக்குச் சேர்ந்தார். ஒருநாள் பிற்பகல் அசர் தொழுதுவிட்டு வந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன ஆட்டோவிலேயே உயிர் பிரிந்தது.

அடக்கம் முடிந்தபின் மதினியிடம் அந்த ஆயில் பேச்சு வந்தது.

“நீங்க கோவிச்சுட்டுப் போனீங்கள்ல, அன்னைக்கே உங்க அண்ணன் சொன்னார், தம்பி சொன்னது நெஜம்தான்னு. அந்த வாடை அவருக்கும் முன்னமே தெரியுமாம்.”

“பின்னே ஏன் மதினி அங்கேயே வாங்கினார்?”

“கடையை மாத்தினா டிரைவருங்க ஏன்னு கேப்பாங்கல்ல. அவன் கடை படுத்துடும்னார்.”

“எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?”

“தம்பிதானே, பொறுத்துப்பான்னார்.”

கடைக்காரர் செய்தது வியாபாரத் துரோகம். அப்படிப்பட்டவர்களை நான் ஊர் ஊராகப் பார்த்திருக்கிறேன், அவரை நினைத்து என் தூக்கம் கெடுவதில்லை. நான் சொன்னது உண்மை என்று தெரிந்தே, நாலு பேர் முன்னால் என்னைத் தலைகுனிய வைத்தவர் என் அண்ணன். அவரை நல்லவர் என்று எல்லோரும் சொல்கிறீர்கள். நல்லவர்தான். அந்த நல்லகுணத்தில் எனக்கு மட்டும் பங்கு வராமல் போயிற்று.

அண்ணனின் மறுமைக்காக துஆ செய்யுங்கள். நானும் ஐந்து வேளையும் செய்கிறேன், கோபம் தீராமலேயே செய்கிறேன்.

பாலத்தில் வண்டியைத் தள்ளி ஓரங்கட்டிய துறைமுகத் தொழிலாளர்களுக்கும், ஆட்டோவை நிறுத்தாமல் ஓட்டிய பிள்ளைக்கும், கபர் தோண்டியவர்களுக்கும், மதினியைத் தனியாக விடாத கொச்சங்காடி அயல்வீட்டாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அண்ணன் உடல் இருந்த சந்தூக்கைத் தோளில் சுமந்த அனைவருக்கும் நன்றி. அதில் அந்தக் கடைக்காரரும் உண்டு. சுமந்ததற்கு மட்டும்.

— தம்பி