உப்பு வேண்டாம் என்றவள்

என் மகள் யுனிஷாவின் தலையில் அடித்துச் சொல்கிறேன். இது நடந்தது. அதுவும் பட்டப்பகலில். பேய்க்கு ராத்திரிதான் வேண்டும் என்று சொல்பவர்கள் எங்கள் நேபாள மலையின் ஆனி மாத மூடுபனியைப் பார்த்ததில்லை.

நிலநடுக்கம் முடிந்து இரண்டு மாதம். புருஷனைப் பறிகொடுத்த பெண்களுக்கு அரிசி, பருப்பு, எண்ணெய், உப்பு கொண்டுபோய்க் கொடுப்பது என் வேலை. நானும் அந்த ஜாதிதான். என்னவர் கத்தாரில் சாரத்திலிருந்து விழுந்து போய்ச் சேர்ந்தார். அதனாலேயே இந்த வேலையை நானே கேட்டு வாங்கினேன்.

கூட வந்த தன்மாயா பாதி வழியில் பாறைமேல் உட்கார்ந்துவிட்டாள்.

"மேல புகை தெரியுது பாருங்கக்கா. ஒரு மூட்டை மிச்சம் இருக்குல்ல, குடுத்துட்டு வந்துருங்க. என் முட்டி கோவிச்சுக்கிட்டு நிக்குது."

ஏறினேன். இடிந்த கற்களுக்கு நடுவே ஒரு தகரக் கொட்டகை. வாசலில் வெள்ளைச் சேலை கட்டிய பெண். மழை சடசடவென்று பிடித்துக்கொண்டது.

"உள்ள வாங்க தங்கச்சி, நனையாதீங்க. என்னைத் தொட்டுடாதீங்க, அவ்வளவுதான்."

உள்ளே போய் ஓரமாக உட்கார்ந்தேன். புரிந்தது. துக்கம் காக்கிறாள். எங்களில் சாவு விழுந்தால் பதிமூன்று நாள் தரையில் சாணக்கோடு போட்டு, அதற்குள் உட்கார வேண்டும். யாரும் தொடக்கூடாது. நாக்கில் உப்பு படக்கூடாது. நானும் உட்கார்ந்தவள்தான்.

அரிசியை எடுத்துக்கொண்டாள். உப்புப் பொட்டலத்தை ஒரு குச்சியால் வாசலுக்கு வெளியே தள்ளினாள்.

"உப்பு ஆகாது. பதிமூணு இன்னும் முடியல."

"யாருக்கு அக்கா?"

"அவருக்கு... ரெண்டு பசங்களுக்கு. பூமி குலுங்குச்சே, அன்னைக்கு."

அது இரண்டு மாதத்துக்கு முன்பு...

எழுந்தேன். கால் வழுக்கியது. பிடிக்கக் கை நீட்டினேன். கிடைத்தது அவள் தோள்.

ஈரமண்ணைத் தொட்டதுபோல் சில்லென்று இருந்தது.

"தொட்டுட்டியே," என்றாள். 'வாங்க' போய் 'நீ' வந்துவிட்டது. அவளுக்குக் கோபமில்லை. சந்தோஷம்.

கீழே பார்த்தேன். என்னைச் சுற்றிச் சாணக்கோடு. பச்சையாக... ஈரமாக...

டப்!

கதவு மூடிக்கொண்டது. ஓடிப்போய்த் தள்ளினேன். கையில் பட்டது தகரம் இல்லை. கல்.

கூரை தாழ்ந்திருந்தது. நிமிர முடியவில்லை. மூக்கெல்லாம் மண்புழுதி. கீழே எங்கோ தன்மாயா, "அக்கா... அக்கா..." என்கிறாள். கத்தினேன். குரல் எழும்பவில்லை.

"தனியா உக்கார பயமா இருக்கு. துணைக்கு இரு."

இன்னும் தாழ்ந்தது கூரை...

யுனிஷா பக்கத்து வீட்டு வாசலில் வழி பார்த்து நிற்பாள். அப்பா இல்லாத பிள்ளை. இனி அம்மாவும்...

அழுதேன்.

கண்ணீர் உதட்டுக்குள் வழிந்தது.

உப்பு.

அவள் சட்டென்று விலகினாள்.

"தின்னுட்டியா..."

அந்தக் குரலில் இருந்த ஏமாற்றம் இன்றும் என் நெஞ்சைப் பிசைகிறது. எங்கோ வெளிச்சம் விழுந்தது. விழுந்தடித்து ஓடினேன்.

பாதிவழியில் தன்மாயா பிடித்துக்கொண்டாள்.

"அந்தக் கல்லு இடுக்குல போய் ஏன்க்கா முடங்கிக் கெடந்தீங்க? தொண்டை வத்தக் கூப்பிட்டேன்!"

"கொட்டகைக்குள்ள..."

"எந்தக் கொட்டகை? தகரம் இன்னும் இந்த ஊருக்கே வரலையே!"

அவள் பெயர் இந்துமாயா என்று பிறகுதான் தெரிந்தது. புருஷனும் பிள்ளைகளும் போனபின், மிஞ்சிய ஓர் அறையில் ஒண்டியாகத் துக்கம் காத்திருக்கிறாள். பன்னிரண்டாம் நாள் மறுபடி குலுங்கியதில் அந்த அறையும் அவள்மேல் இறங்கிவிட்டது.

மழைக்காலம் முடிந்துதான் தோண்டினார்கள். மேலே கிடந்த பலகைக்கல்லை அசைக்கவே ஆறு பேர் வேண்டியிருந்ததாம்.

அதற்கடியில் அவள் உட்கார்ந்தபடியே இருந்தாள். எதிரே இரண்டு இலைகள்: ஒன்று அவளுக்கு, ஒன்று பக்கத்தில் காலியாக இருந்த இடத்துக்கு. நான் கொடுத்த அரிசி, இரண்டிலும் சமமாகப் பங்கு போடப்பட்டிருந்தது.