‘ப’ போட்டு ஒரு கூரை

ஜப்பானிய அகராதியில் பிழை இருக்கிறது என்று ஓராண்டு காலம் உறுதியாக நம்பியவள் நான்.

ஆழ்வார்பேட்டையில் மாலை வகுப்பு. பன்னிரண்டு பேருக்கு ஒரே ஒரு தடித்த கான்ஜி அகராதி; கான்ஜி என்றால் ஜப்பானியரின் சித்திர எழுத்து. உச்சரிப்பு தெரியாத கான்ஜி எழுத்தை அகர வரிசையில் தேட முடியாது. பேனாவை எடுக்காமல் போடுவது ஒரு கோடு. மொத்தம் எத்தனை கோடு என்று எண்ணி, அந்த எண்ணுக்குரிய பட்டியலைப் பார்க்க வேண்டும். கோடுகளை எந்த வரிசையில் போடுவது என்று ஆசிரியை சொன்னபோதெல்லாம், வடிவம் வந்தால் போதாதா என்று இருந்துவிட்டேன்.

சில எழுத்துகள் எனக்குக் கிடைக்கவே கிடைக்காது. அந்தப் பட்டியலின் ஓரத்தில் எழுத்தை வரைந்து, ‘இது விடுபட்டிருக்கிறது’ என்று பென்சிலால் குறித்து வைப்பேன். பின்னால் வருகிறவர்களுக்கு உதவுமே!

பக்கத்தில் உட்காரும் மந்தைவெளித் தோழி சிரிப்பாள். “இன்னாடி, எப்பப் பாரு அது கூட சண்ட போட்டுக்கினு கீற? அது இன்னா உன் மாமியாரா?”

“அச்சடிச்சவன் கோட்டை விட்டா நான் என்னடி பண்றது?”

தேனாம்பேட்டையில் ஒரு ஜப்பானிய நிறுவனம் மொழிபெயர்ப்பாளர் தேர்வு வைத்தது. அதற்கு முந்தின வாரமே தி. நகரில் பார்த்துவந்த டைப்பிஸ்ட் வேலையை விட்டுவிட்டேன். அவ்வளவு நம்பிக்கை. வீட்டில் மூச்சு விடவில்லை.

தேர்வுக்கு அகராதி கொண்டுபோகலாம் என்றார்கள். வகுப்பு அகராதியை இரவல் வாங்கிப் போனேன். வந்தது ஓர் இயந்திரத்தின் கையேடு. ஒரே எழுத்து வரிக்கு வரி வந்தது. அது தெரியாமல் ஒரு வாக்கியமும் நகராது. இடப்பக்கம் கையைக் குறிக்கும் வடிவம், வலப்பக்கம் மூன்று பெட்டிகள், அவற்றின் கீழே மரத்தைக் குறிக்கும் வடிவம். எண்ணினேன், பதின்மூன்று. அந்தப் பட்டியலைப் புரட்டினால், அங்கே இருந்தது என்னுடைய பென்சில் குறிப்பு மட்டும்தான். அப்போதுதான் முதல்முறையாகப் பயந்தேன்.

தேர்வு நடத்திய ஜப்பானியர் எழுந்துபோய், எழுதி முடித்தவர்களுக்காகப் பலகையில் ‘வெளியே போகும் வழி’ என்று அவர் மொழியில் எழுதினார். அதில் ஒரு பெட்டி வரும். இடப்பக்கம் ஒரு கோடு. மேலே போய் அப்படியே வலப்பக்கம் இறங்கி ஒரு கோடு. அடியில் ஒரு கோடு. மூன்று!

நான் இத்தனை நாளும் நம் ‘ப’வைப் போட்டு மேலே ஒரு கூரை வைத்து, இரண்டு என்று எண்ணிவந்திருக்கிறேன். மூன்று பெட்டிக்கு மூன்று கோடு குறைவு. பதினாறைத் திறந்தேன். ‘இயக்குதல்’ என்று சமர்த்தாக உட்கார்ந்திருந்தது.

வேலை கிடைத்தது. மறுநாளே வகுப்புக்கு ரப்பரோடு போய் அகராதியை விரித்து உட்கார்ந்தேன்.

“இன்னாடி, சண்ட ஓஞ்சிடுச்சா?” என்றாள் தோழி.

“தப்பு என் மேலதான்டி” என்று ‘ப’ கதையைச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஏனென்று அடுத்த பக்கத்தில் தெரிந்தது. என் குறிப்பின் கீழே அவள் கையெழுத்தில் ஒரு வரி: ‘ஆமாம், நானும் தேடினேன். இல்லை.’

ரப்பரை அவளிடம் நீட்டினேன்.