தமுக்கு அடித்து மூடிய ஆப்பக்கடை

ஆப்பக்கடைக்காரிக்கு மாவு புளிக்காவிட்டாலும் கவலை, அதிகம் புளித்தாலும் கவலை. காரைக்காலில் வாந்திபேதி பரவிய வருஷம் எனக்கு மூன்றாவதாக ஒரு கவலை வந்தது. கடை வைத்துப் பிழைக்கும் உங்களுக்குச் சொன்னால் புரியும்.

மூடச் சொன்னார்கள்

விடிந்தும் விடியாமல் தமுக்குச் சத்தம். மறு உத்தரவு வரும்வரை சாப்பாட்டுக் கடை எதுவும் திறக்கக் கூடாது, தண்ணீரைக் காய்ச்சித்தான் குடிக்க வேண்டும் என்று நகராட்சித் தமுக்குக்காரன் கோவிந்தன் கூவிக்கொண்டு வந்தான். பக்கத்துத் தெருவில் சாவு விழுந்திருந்தது. அதனால் முணுமுணுக்காமல் அடுப்பை அணைத்தேன். பானை நிறைய மாவு மட்டும் என்னைப் பார்த்துப் பொங்கியது.

"எதுவரைக்கும் மூடணும் கோவிந்தா?" என்றேன்.

"மூடச் சொல்லித்தான் அனுப்பினாங்க அக்கா. திறக்கிறதைப் பத்தி யாரும் வாயே திறக்கலை."

திறந்தும் ஆள் இல்லை

எல்லோரும் ஊசி போட்டுக்கொண்டோம். கிணறுகளுக்கு மருந்து போட்டார்கள். நோய் நின்றது, நிறுத்தியிருந்த பஸ்ஸும் ஓடியது. கடைத்தெரு வழியாகப் போன சுகாதார அதிகாரியை மறித்துக் கேட்டேன். "அதெல்லாம் போயிடுச்சும்மா, திறந்துக்கங்க" என்று நடந்துகொண்டே சொன்னார்.

மறுநாள் திறந்தேன். ஈ கூட வரவில்லை. புருஷன் இல்லாத வீட்டில் அந்த அடுப்புதான் சோறு போட்டது. ஆப்பச்சட்டியை விற்க வேண்டியதுதானோ என்று கலங்கினேன். தினமும் முதல் ஆப்பம் சாப்பிடும் ஜவுளிக்கடை மரைக்காயர்கூட எட்டத்தில் நின்றார்.

"தேங்காய்ப்பால் வாசனை இழுக்குது தங்கச்சி. ஆனா மூடினது ஊருக்கே கேட்டுச்சு, திறந்தது உன் ஒருத்திக்குத்தானே கேட்டிருக்கு?"

மேரி ஆபீசில்

இட்லிக்கடை மீனாட்சியையும் கூட்டிக்கொண்டு மேரி ஆபீசுக்குப் போனேன். நகராட்சிக்கு இன்னும் பிரெஞ்சுக்காரன் காலத்துப் பெயர்தான். அதே அதிகாரி உட்கார்ந்திருந்தார். நோய் போனதும் உத்தரவும் தானாகவே முடிந்துவிட்டது என்றார்.

நான் விடவில்லை: "தானா முடிஞ்சது ஊருக்கு எப்படிங்க தெரியும்? ஊரறிய மூடுனீங்க, ஊரறியத் திறந்து விடுங்க."

"திறக்கிறதுக்கெல்லாம் தமுக்கு அடிக்கிற வழக்கம் இல்லையேம்மா."

"அப்ப நீங்களே காலையில எங்க கடைக்கு வந்து சாப்பிடுங்க. அதைப் பார்த்து ஊரு வந்துடும்" என்றாள் மீனாட்சி.

அதிகாரி அவசரமாகக் கோவிந்தனைக் கூப்பிட ஆள் அனுப்பினார். "தமுக்கே அடிச்சிடலாம்."

திறந்த நாள்

கோவிந்தன் என் கடை வாசலில்தான் ஆரம்பித்தான். நோய் நின்றது, தடை நீங்கியது, சந்தேகம் இருப்பவர்கள் மேரியில் வந்து அதிகாரியைக் கேட்கலாம் என்று தொண்டை கிழியக் கூவினான். அவன் தெரு திரும்புவதற்குள் மரைக்காயர் பலகையில் உட்கார்ந்துவிட்டார். பின்னாலேயே கூட்டம். மாவு போதுமா, பால் திரியுமா என்று எனக்குப் படபடப்பு.

கூட்டத்துக்குப் பின்னால் அதிகாரி நின்றிருந்தார். இலையைப் போட்டேன். தண்ணீரை ஒரு தரம் முகர்ந்து பார்த்தார்.

"காய்ச்சினதுதாங்க. அதை நிறுத்தச் சொல்லி இன்னும் தமுக்கு வரலையே" என்றேன்.

சிரித்துவிட்டார். "அது மட்டும் அப்படியே இருக்கட்டும்மா. இன்னும் ரெண்டு ஆப்பம் வைங்க."

வெயில் ஏறுவதற்குள் மாவு தீர்ந்துபோனதால், யார் உத்தரவும் இல்லாமல், எந்தத் தமுக்கும் இல்லாமல், அன்றைக்கு என் கடையை நானே மூடினேன்.