பூஜைக்குக் கொடுத்த பெட்டி

இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்களில் புனே பக்கம் சிஞ்ச்வட்டில் கார் பாகங்கள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் கம்ப்யூட்டர்களைக் கட்டி மேய்த்துக்கொண்டிருந்தேன். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. இணையத்துக்கும் எங்களுக்கும் நடுவே காவலுக்கு ஃபயர்வால் என்றொரு பெட்டி. ஒவ்வொரு கம்ப்யூட்டரும் காலையில் விழித்ததும் தனக்கொரு முகவரி கேட்கும். அந்தப் பெட்டிதான் கொடுக்கும். இதற்கு டிஹெச்சிபி என்று பெயர்.

தசரா முடிந்து திரும்பிய அன்று பாதிக் கம்ப்யூட்டர்களில் இணையம் இல்லை. பார்த்தால், அவற்றின் முகவரிகள் என் பெட்டி கொடுத்தவையே அல்ல. உள்ளேயே எங்கோ இன்னொன்று உட்கார்ந்து போலி முகவரி விநியோகித்துக்கொண்டிருந்தது. முதலில் பதில் சொல்பவரைக் கம்ப்யூட்டர் நம்பிவிடும், அதற்கென்ன தெரியும்?

"ஃபயர்வால் பாஸ்வேர்ட் உன்கிட்டதானே இருக்கு?" என்று மராத்திக்கார மேனேஜர் ஹிந்தியில் கேட்டார். நானே கெடுத்து நானே சரிசெய்து நல்ல பெயர் வாங்கப் பார்க்கிறேனாம். சனிக்கிழமைக்குள் சரியாகாவிட்டால் வேறு ஆளை வைத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

என் சந்தேகம் எனக்குக் கீழே வேலை பார்த்தவன் மேல். புனே ஏரவாடாவில் பிறந்து வளர்ந்த, பாதி ஹிந்தி கலந்து பேசும் தமிழன். பாஸ்வேர்ட் தெரிந்த இன்னொருவன் அவன்தான். நான் போனால் என் நாற்காலியும் அவனுக்குத்தான்.

"அண்ணா, சச்சி சொல்றேன், நான் கையே வெக்கல."

பால் வடியும் முகத்தோடு சொன்னான். அதுவே எனக்குப் பிடிக்கவில்லை.

எதைப் பிடுங்கினால் போலி முகவரி நிற்கிறது என்று ஸ்டோர், அக்கவுண்ட்ஸ் என ஒவ்வொரு பிரிவாக வயரைப் பிடுங்கித் தேடினோம். நான் வயரைப் பார்த்ததைவிட அவன் கையைப் பார்த்ததுதான் அதிகம். மேனேஜர் அறை வயரில் கைவைக்க மட்டும் இருவருக்கும் துணிச்சல் வரவில்லை.

சனிக்கிழமை, பிரிண்டரைப் பார்க்க மேனேஜர் அவனைக் கூப்பிட்டார். போன வேகத்தில் வாசலுக்கு வந்து கத்தினான்.

"அண்ணா, இதர் வாங்க, ஜல்தி!"

அறை மூலையில், கணபதி படத்தின் கீழே எங்கள் பழைய ஃபயர்வால். மேலே குங்குமம், வாடிய செண்டுப்பூ. பச்சை விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது. நம் ஆயுத பூஜை நாளில் அங்கே கண்டே நவமி. பிரிவுக்கு ஒரு கருவியைப் பூஜையில் வைப்பது தொழிற்சாலை வழக்கம். ஓடுகிற பெட்டியைக் கழற்ற முடியாது என்பதால் ஓய்வுபெற்ற பெட்டியை அனுப்பியிருந்தேன்.

"அணைஞ்சு கிடக்கற மெஷினுக்கு என்ன பூஜை? அபசகுனம். அதான் கரண்ட் வயர், நெட்வொர்க் வயர் எல்லாத்தையும் நானே சொருகினேன்" என்றார் மேனேஜர். முகத்தில் கூச்சம் என்பது துளியும் இல்லை. வேலையில் நீ இருக்கலாம் என்று மட்டும் சொன்னார்.

வெளியே வந்ததும் அவன் சிரித்தான்.

"இப்பவாச்சும் என் மேல ஷக் போச்சா அண்ணா?"

"போச்சுடா" என்றேன். உண்மையிலேயே நிம்மதியாக இருந்தது. அன்று மாலைவரை அவன் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் என் நாற்காலி அவனுடையது. அது எனக்கும் தெரியும்.

அவன் சாய் குடிக்கப் போனான். நான் உட்கார்ந்து பாஸ்வேர்டை மாற்றினேன்.