பலாப்பிசினும் லேப்டாப் பசையும்

சூடான தேங்காய் எண்ணெய் வாசனை வந்தால் இப்போதும் எனக்கு அந்த ஒரு நாள்தான் நினைவுக்கு வரும். அன்று அது அடுப்படியிலிருந்து வரவில்லை. என் மகள் ஜெசியின் லேப்டாப்பிலிருந்து வந்தது.

மாலையில் அவளுக்கு ஆன்லைனில் வேலைக்கான இன்டர்வியூ. லேப்டாப்போ கொதித்துக் கொதித்து அணைந்துகொண்டிருந்தது. சிப்பின்மேல் காய்ந்திருந்த, சூடு கடத்தும் பழைய பசையைத் துடைத்துவிட்டுப் புதிது வைக்கவேண்டுமாம். திறந்து வைத்துவிட்டு, துடைக்கும் ஆல்கஹால் வாங்கப் போனாள். சாந்தோம் கடற்காற்று ஜன்னலை ஆட்டிக்கொண்டே இருந்தது. என் கையும் சும்மா இருக்கவில்லை. பலாப்பிசினையே கழற்றுகிற எண்ணெய் இதைக் கழற்றாதா? பஞ்சில் தொட்டுத் துடைத்தேன். பசை வழுக்கிக்கொண்டு வந்தது. அந்த எண்ணெய்ப் பிசுக்கின்மேலேயே அவள் வாங்கி வைத்திருந்த புதுப் பசையைத் தடவி, மூடியும்விட்டேன்.

வந்தவள், துடைத்தாயிற்று என்று நான் சொன்னதை நம்பி ஆன் செய்தாள். கொஞ்ச நேரத்தில் அந்த வாசனை; திரை இருண்டது.

“ம்மா, என்ன பண்ணி வெச்ச?”

“பலாப்பிசினுக்குப் போடற எண்ணெய வெச்சுத்தான்டி தொடைச்சேன்.”

“இது சிப்புமா, தலை இல்ல! எண்ணெ இருந்தா பசை ஒழுங்கா உக்காராது, சூடு எறங்காது.”

உடனே மறுபடி பிரித்தாள். ஆல்கஹாலில் நனைத்த துணியால் பிசுக்கு போகும்வரை துடைத்து, உலரவிட்டு, மிச்சமிருந்த பசையை வைத்தாள். சூடு ஏறியதும் தானாகவே அணைந்ததால் சிப் தப்பித்திருந்தது. இன்டர்வியூ முடியும்வரை நான் அடுத்த அறையில் ஜெபித்துக்கொண்டிருந்தேன்.

இப்போதெல்லாம் தெரியாத பொருளைத் தொடுமுன் கேட்டுவிடுகிறேன். வேலை கிடைத்துப் பெங்களூருக்குக் கிளம்பியவள், மடியில் லேப்டாப்போடு ஆட்டோவில் உட்கார்ந்தாள்.

“ஏதாச்சும் உதவி வேணும்னா கூப்பிடுடி.”

“பலாப்பழம் வாங்கினா கண்டிப்பா கூப்பிடறேன்மா.”