அம்மா கையை விட்ட மதியம்

பிள்ளைகளே, இன்று காசிமேட்டு ஐஸ் கம்பெனி ஓரம் நடக்கையில் அமோனியா நெடி ஏறியது. அப்படியே நின்றுவிட்டேன்.

சின்ன வயதில் ஒரு மதியம், அந்தக் கம்பெனியில் வாயு கசிந்து, அதே நெடி எங்கள் தெருவையே விரட்டியது. அம்மா ஈர முந்தானையால் என் மூக்கைப் பொத்தி இழுத்துக்கொண்டு ஓடினாள். தெருமுனையில் சட்டென்று கையை விட்டாள்.

"மேரியக்கா கதவ சாத்திகினு தூங்குது."

குழாயடிச் சண்டையில் குடத்தால் அம்மாவின் நெற்றியைப் பிளந்தவள் அந்த மேரியக்கா.

"அதுக்காவ நீ போவாதம்மா" என்று அழுதேன்.

"ஏசப்பா பாத்துகினு கீறாருடா. சண்டய நாளிக்கு வெச்சுக்கலாம்." நெடிக்குள் ஓடிவிட்டாள்.

சத்துருவை நேசிக்கச் சொல்லும் வசனத்தை ஞாயிறுப் பள்ளியில் தப்பில்லாமல் ஒப்பித்தவன் நான். அது என் அம்மாவைக் கொன்றுவிடும் என்று அன்று பயந்தேன்.

இருமிக்கொண்டே இருவரும் வந்தார்கள். "கதவ ஒடச்சிட்டியேடி" என்று திட்டியபடி மேரியக்கா அம்மாவின் தோளைப் பிடித்திருந்தாள்.

அந்த வசனத்தை உங்களுக்குச் சொல்லித்தரும்போது அப்பா குரல் ஏன் இறங்குகிறது என்று கேட்டீர்களே, இதனால்தான்.