டிப்போவுக்குப் போன மேசை

அலுவலகத்தில் அவளுக்குக் 'கையெழுத்து அக்கா' என்று பெயர். மென்பொருள் எழுதும் எந்தக் குழுவும் அவள் வகுத்த படிகளைத் தாண்டாமல் வேலையை முடிக்க முடியாது. திட்டம் பெரிதோ சிறிதோ, ஒவ்வொரு மாற்றத்துக்கும் விளக்கம் எழுதி, ஒப்புதல் வாங்கி, சோதித்து, மறுபடி ஒப்புதல் வாங்க வேண்டும். பெயர் வீடுவரை எட்டிவிட்டது. "தும்மல் வருது, யார்கிட்ட கையெழுத்து வாங்கணும்?" என்பான் கணவன். அவளுக்குச் சிரிப்பு வராது. அந்தப் படிகள் ஒரு மருத்துவமனையின் வேலையை விபரீதத்திலிருந்து காப்பாற்றியதை அவள் கண்ணால் பார்த்தவள்.

அப்படி இருக்கும்போதுதான் பேருந்து டிப்போ வேலை வந்து இழுபட்டது. எந்த ஓட்டுநருக்கு எந்த வண்டி என்று கணினி பிரித்துத் தர வேண்டும். குழுவில் இருவர்தான்: நிரல் எழுதும் நெட்டையன், அதைச் சோதிக்கும் சுருட்டை. டிப்போ மேலாளர் கறாராகச் சொல்லிவிட்டார்: "வர்ற ஒண்ணாம் தேதிக்கு டியூட்டி சரியா வரணும். இல்லேன்னா எங்களுக்குக் கரும்பலகையே போதும்." வேலை போனால் குழுவும் கலைந்துவிடும்.

"நீங்களே ஒரு நடை வந்து பாருங்கக்கா," என்று சுருட்டை கெஞ்சினாள்.

டிப்போ ஓய்வறையில் டீசல் வாசம். ஆணியில் ஈரத் துண்டுகள். சாப்பாட்டு வேளையில் கரும்பலகை முன்னால் ஒரே சந்தைக்கடை.

"மாமா, நாளைக்கு என் வண்டிய நீ எடுத்துக்கோ. பொண்ணோட ஸ்கூல்ல வரச் சொல்லியிருக்காங்க."

"போன வாட்டியும் இதையேதான் சொன்ன. உனக்கு எத்தனை பொண்ணுடா?"

முழங்கையால் ஒரு துடைப்பு, சாக்பீஸால் ஒரு கிறுக்கல். தீர்ந்தது விஷயம். அவளுடைய படிகளில் ஏறினால் ஒரு வாரம் ஆகும் மாற்றம், இங்கே கை கழுவும் நேரத்தில் முடிந்துவிட்டது. இத்தனை நாள் இது ஏன் தோன்றவில்லை?

மறுநாளே குழுவின் மேசை ஓய்வறைக்கு வந்தது. விளக்கம் எழுதுவது போயிற்று. திரையைப் பார்த்து ஓட்டுநர்கள் தலையாட்டினால் அதுவே ஒப்புதல். அலுவலகத் தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். "நீங்க போட்ட சட்டத்த நீங்களே மீறுறீங்களா?"

"மீறல சார், இந்த வேலைக்கு ஏத்த மாதிரி வெட்டுறேன். ஒண்ணு கூட்டியும் இருக்கேன். தப்பானா என் தலை."

கூட்டியது ஓய்வுச் சோதனை. வண்டி ஓட்டி முடித்தவர் போதுமான தூக்கமில்லாமல் அடுத்த வண்டியில் ஏறக் கூடாது. என்ன மாற்றம் செய்தாலும், டிப்போவில் அந்த மாதம் அன்றுவரை போட்ட டியூட்டியை வைத்து இதைச் சோதித்தாக வேண்டும்.

"எழுத்தோட கலர மாத்தினாலுமாக்கா?" என்று முனகினான் நெட்டையன்.

"கலர மாத்தினாலும்."

மாதத்தின் கடைசி நாள் வந்தது. மதியம் திரையில் புதிய டியூட்டி ஏற வேண்டும். எழுத்து மங்கலாக இருக்கிறது என்று ஓட்டுநர் ஒருவர் சொல்ல, நெட்டையன் கலரை மாற்றினான். ஓய்வுச் சோதனை ஓடியது; தேறினால் பச்சை, தவறினால் சிவப்பு.

"அக்கா! சிவப்பு!" சுருட்டையின் குரலில் அறையே திரும்பியது.

இன்று இரவு வண்டி எடுப்பவர்களுக்கே நாளை விடியலிலும் வண்டி போட்டிருந்தது. நிரல் புது மாதத்தை ஒன்றாம் தேதியிலிருந்துதான் எண்ணியது. முந்தின ராத்திரி ஓட்டியவர்களெல்லாம் அதன் கணக்கில் நன்றாகத் தூங்கி எழுந்தவர்கள்! மாதம் மாறும் நாள் வராததால் அதுவரை பிழை வெளியே தெரியவில்லை.

பழைய வழியில் இதைத் திருத்தவே ஒரு வாரம் கேட்கும். நெட்டையன் விரல்கள் பறந்தன. சுருட்டை சோதித்தாள். அக்கா அவன் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்து வரி வரியாகப் படித்தாள். பச்சை. இன்னொரு முறை. பச்சை!

மதியம் திரை முன்னால் அதே சந்தைக்கடை.

"எனக்கு மட்டும் எப்பவும் அந்த ஓட்டை வண்டிதானா?"

"கம்ப்யூட்டருக்கும் உன் மூஞ்சி தெரிஞ்சுபோச்சு, விடு."

மேலாளர் ஒவ்வொரு வரியாகப் பார்த்தார். பிறகு பலகை விளிம்பிலிருந்த சாக்பீஸ் துண்டுகளைப் பொறுக்கிக் குப்பைக் கூடையில் போட்டார். சுருட்டை நெட்டையனின் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள்.

செய்தி பரவாமல் இருக்குமா? வங்கி வேலை பார்க்கும் குழு அவள் மேசையைச் சூழ்ந்துகொண்டது. "அக்கா, டிப்போ வழியவே எங்களுக்கும் குடுத்துடுங்க. கையெழுத்தே வேணாம்!"

"ஆசையப் பாரு!" கையெழுத்து அக்கா வாய்விட்டுச் சிரித்தாள். கைப்பை அதற்குள் தோளில் ஏறியிருந்தது. "அது டிப்போவுக்கு. உங்க வங்கிய நான் இன்னும் பார்க்கவே இல்லையே. கிளம்புங்க."